நகரத்துக்கு வெளியே நின்ற ரயில்

அட்டவணைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு எழுதுகிறேன்.

போன வாரம் உங்களில் ஒரு பெண் தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார். சென்னையின் ரயில் பாதைகளை மறுபடியும் மாற்றி அமைக்கப் போகிறார்களாம். லோக்கல், மெட்ரோ, பேருந்து மூன்றையும் ஒன்றோடொன்று சேர்க்கிற திட்டம். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஒவ்வொரு கோடாகக் காட்டினார். டெல்டாவிலிருந்து வரும் வண்டிகள் நகரத்துக்கு வெளியிலேயே நின்றுவிடும், பயணிகள் அங்கிருந்து மாறிப் போவார்கள் என்ற இடம் வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதே வேலையை ஒரு தடவை நான் செய்திருக்கிறேன்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கேட்டார். "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. மொத நாள் அந்த லோக்கலை நீங்க நிறுத்தி வச்சிருக்கலாமேன்னு ஆபீஸ்ல இன்னமும் பேசிக்கிறாங்க. ஏன் நிறுத்தல?"

அவருக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அப்போது நகரத்தின் உள்ளே இருந்த பழைய நிலையத்தில் நடைமேடைகளை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை முடிகிற வரைக்கும் மன்னார்குடியிலிருந்து வரும் எங்கள் வண்டி உள்ளே போகாது. புறநகர் நிலையத்தோடு நின்றுவிடும். பயணிகள் அங்கே இறங்கி லோக்கல் பிடிக்க வேண்டும். எந்த லோக்கல், எத்தனை மணிக்கு, மாறுவதற்கு எவ்வளவு நேரம் என்று எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு.

கணினி வந்துவிட்ட பிறகும் எங்கள் பிரிவில் பெரிய தாளில் பென்சிலால் கோடு போடும் பழக்கம் போகவில்லை. தாளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஊர்ப் பெயர்கள், குறுக்கே மணி. ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. மன்னார்குடி, நீடாமங்கலம், தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று என் ஊர்ப்பக்கத்துப் பெயர்கள் இருக்கிற தாளை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் பிறந்தது மன்னார்குடி ஹரித்ராநதித் தென்கரையில். அந்தத் தாளில் பென்சிலை வைக்கும்போதெல்லாம் ஏதோ வீட்டு வேலை செய்கிற மாதிரி ஒரு நிம்மதி இருக்கும். பிற்பகல் தேநீர் வந்து ஆறிப்போகும். குனிந்து குனிந்து கழுத்து வலிக்கும். இப்போது நினைத்தால் அந்தக் கழுத்து வலிகூட வேண்டியிருக்கிறது.

எங்கள் பிரிவின் தலைவர் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, எழுதவில்லை. உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு தாளைக் கொடுத்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து வெறுங்கண்ணால் படிப்பார். நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் ஒரே ஓர் இடத்தில் நின்றார். 'மாறும் நேரம்: ஏழு நிமிடம்.'

"இந்த ஏழு யாரோட ஏழும்மா?"

"புரியல சார்."

"யார் நடந்து பாத்தது?"

"நான்தான் சார். எட்டாம் நடைமேடையிலேர்ந்து மேம்பாலம் ஏறி ஒண்ணாம் நடைமேடைக்கு. ரெண்டு தடவை நடந்தேன்."

"என்னிக்கு?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

"கையில என்ன இருந்துச்சு?"

"கைப்பை சார்."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மன்னார்குடிலேர்ந்து ஒரு தடவை ஏறி வாங்க. பாஸ் இருக்குன்னு ஏசில வந்துடாதீங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. இருபது வருடம் வேலை பார்த்தவளைப் போய் ரயிலில் வா என்கிறாரே என்று. ஆனாலும் போனேன்.

மேட்டூர்த் தண்ணீர் வந்து சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த சமயம். வண்டி கிளம்பும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டி நின்ற வயல்களில் வானம் கிடந்தது. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்ற பேருந்துகளையும் டிராக்டர்களையும் பார்த்ததும் பெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் அந்தக் கேட்டில் வாழ்நாளில் கொஞ்சத்தைக் கழித்திருப்பார்.

நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக விசாரித்தேன். எங்கே போறீங்க, எங்கே இறங்குவீங்க, அப்புறம் எதில் போவீங்க. முதல் பெட்டி முடிவதற்குள் எனக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. டிக்கெட் கணக்கைப் பார்த்து எல்லோரும் நகரத்துக்குள்தான் போகிறார்கள் என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோம். ஆனால் பாதிப் பேர் கடைசி நிலையம் வரைக்கும் டிக்கெட் வாங்கினாலும் புறநகரிலேயே இறங்கிவிடுகிறவர்கள். அவர்கள் பிள்ளைகள் வேலை பார்ப்பதும் வாடகைக்கு இருப்பதும் அந்தப் பக்கம்தான். அவர்களுக்கு எங்கள் மாற்றத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. கடைசி வரைக்கும் போகிறவர்கள் வேறு வகை. பாரம் தூக்குகிறவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்.

கடைசிக்கு முந்தின பெட்டியில் ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். அவர் பெயர் வைரக்கண்ணு, குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர். மனைவி தையல்நாயகி. அந்த அம்மாள் தலையில் ஊதா நிறத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ள மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நகரத்துக்குப் போகிறார்கள். மொத்தம் ஆறு தடவை, இது இரண்டாவது.

நான் கேட்பதற்கு முன்னாலேயே அந்த அம்மாளே பேச ஆரம்பித்துவிட்டார். "முடியப் பாக்குறீங்களா? போனாப் போவுதுங்க. பேன் தொல்லை விட்டுச்சு." பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று விழித்தார்கள். அவரே சிரித்தார். "நீங்க எந்த ஊரு?"

"மன்னார்குடிதாங்க. தென்கரை."

"அப்ப நம்ம புள்ளதான். எழுதிக்குங்க. காலையில ஒம்பது மணிக்குள்ள ரத்தம் குடுத்துடணும். அதுக்கு மேல போனா அன்னிக்கு மருந்து கெடையாது. மறுநாள்தான். தங்குறதுக்கு எடம் இல்ல. காலு வேற ஒவ்வொரு தடவையும் கனம் ஏறிப்போவுது. இவருதான் புடிச்சுக்கிட்டு வர்றாரு. ஏங்க, நீங்களும் ஏதாச்சும் சொல்லுங்களேன்."

வைரக்கண்ணு விதை நெல் பை ஒன்றில் மருத்துவக் காகிதங்களை வைத்து மடியில் அணைத்திருந்தார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க எறங்குனா, மேல எத்தன படி ஏறணுங்க?"

இரண்டு தடவை நான் நடந்த பாலம். எத்தனை படி என்று எனக்குத் தெரியவில்லை. "பாத்துச் சொல்றேங்க" என்றேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் குற்றம் சொல்கிற மாதிரி எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக உறைத்தது.

காலையில் புறநகர் நிலையத்தில் இறங்கி முதல் காரியமாகப் படிகளை எண்ணினேன். ஏற நாற்பத்தெட்டு, இறங்க நாற்பத்தெட்டு. லிப்ட் ஒன்று இருந்தது. நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும், வாசலில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அதிராம்பட்டினத்துப் பெண் ஒருவர் நண்டுக் கூடையோடு ஏறினார். அவர் பின்னாலேயே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மூன்று இடத்தில் கூடையை இறக்கி வைத்தார். எதிரே அலுவலகக் கூட்டம் இறங்கி வந்தது. சுவரோரமாக ஒதுங்கி நின்றார். ஒன்றாம் நடைமேடைக்கு வந்து சேரப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று.

ஏழை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதினேன். எங்கள் வண்டி ஏழு இருபதுக்கு வரும். அங்கிருந்தே புறப்படுகிற லோக்கல் ஒன்றை ஏழு நாற்பதுக்கு வைத்தோம். அங்கிருந்தே கிளம்புகிற வண்டியென்றால் உட்கார இடம் கிடைக்கும். வேலை நடப்பதால் லோக்கல்களையும் குறைத்திருந்தார்கள். அதை விட்டால் அடுத்தது முப்பத்தைந்து நிமிடம் கழித்து, அதுவும் எங்கிருந்தோ நிறைந்து வருவது.

இன்னொன்றும் கேட்டேன். ஏழும் எட்டும் ஒரே நடைமேடையின் இரண்டு பக்கங்கள். எங்கள் வண்டி எட்டில் நிற்கிறது. லோக்கலை ஒன்றில் விடாமல் ஏழில் விட்டால் படியே ஏற வேண்டாம், இறங்கி எதிர்ப்பக்கம் ஏறிக்கொள்ளலாம். நகரப் பக்கத்து அதிகாரிகளோடு நடந்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். அவர்கள் சொன்ன பதிலிலும் நியாயம் இருந்தது. காலைக் கூட்டம் வருடக்கணக்காக ஒன்றாம் நடைமேடைக்கு வந்து பழகியது, திடீரென்று கலைத்தால் குழப்பம் ஆகும், முதலில் தொடங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். மேசையைச் சுற்றி எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நானும் "சரி சார்" என்றேன்.

என் தவறு எது என்று கேட்டால் அந்தச் 'சரி'யைத்தான் சொல்வேன். பலகை எழுதிப் பத்து நாள் முன்கூட்டியே அறிவித்தால் குழப்பம் வராது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லவில்லை. அவசரம் எதுவும் இல்லாத அறையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நாம் விட்டுக்கொடுக்கிறது, பிறகு நடைமேடையில் ஒரு நிமிடத்துக்குள் தீர்மானிக்க வேண்டியதாக வந்து நிற்கும்.

மாற்றம் தொடங்கிய முதல் நாள் காலை ஏழு மணிக்கே நான் புறநகர் நிலைய அதிகாரியின் அறையில் இருந்தேன். ஏழு பத்துக்குத் தகவல் வந்தது. வழியில் பாதை வேலை. எங்கள் வண்டி ஏழு முப்பத்தாறுக்குத்தான் வரும். லோக்கலுக்கு நாலு நிமிடம். பாலத்துக்குப் பதினெட்டு.

தையல்நாயகிக்கு அன்று மூன்றாவது மருந்து. மூன்று வாரக் கணக்கு எனக்குத் தெரியும். அந்த வண்டியில் அவர்கள் இருக்கிறார்கள்.

நிலைய அதிகாரி நல்ல மனிதர், கை சுறுசுறுப்பு. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "மேடம், லோக்கல் இன்னும் ஷெட்லதான் நிக்கிது. ஒண்ணுக்குப் பதிலா ஏழுல விட்டுடவா? டெல்டா ஜனம் எறங்கி அப்படியே ஏறிக்கும். நீங்க கேட்டதுதானே? ஒரு நிமிஷத்துல சொல்லணும்."

நான் கேட்டதேதான். வாயில் 'விடுங்க' வந்துவிட்டது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். ஒன்றாம் நடைமேடை முழுக்க ஜனம். இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், பள்ளிப் பைகள், சாப்பாட்டுப் பைகள், ஊன்றுகோலோடு ஒருவர். 'வண்டி ஏழாம் நடைமேடையில்' என்று அறிவித்த அடுத்த நொடி அத்தனை பேரும் பாலத்துக்கு ஓடுவார்கள்.

எனக்கு அது தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் டெல்டாவில் ஒரு சிறிய நிலையத்தில் இருந்தேன். திருவிழா நாள். வரவேண்டிய வண்டி வேறு நடைமேடைக்கு வருகிறது என்று கடைசி நேரத்தில் மைக்கில் அறிவித்தது நான்தான். ஜனம் ஓடியது. படியில் ஒரு வயதான பெண் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மைக்குல பேசுனது யாரும்மா? நல்ல கணீர்னு குரல்" என்று கேட்டார். நான்தான் என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை. வாங்கிப் போன பழங்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

"வேண்டாம் சார்," என்றேன். "ஒண்ணுலயே விடுங்க."

"அப்ப அஞ்சு நிமிஷம் புடிச்சு வைக்கவா? கன்ட்ரோல்ல கேட்டா குடுப்பாங்க."

அதையும் யோசித்தேன். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஐந்து நிமிடம் நிறுத்தினால் ஏழு நாற்பத்தைந்து. காலைக் கூட்டத்தில் நல்ல கால் உள்ளவர்களுக்குக்கூட அது போதாது. ஆனால் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் லோக்கல் நிற்பது தெரியும். நிற்கிற வண்டியைப் பார்த்தால் மனிதன் ஓடாமல் இருக்க மாட்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு, நோயாளியை இழுத்துக்கொண்டு ஓடுவான். பதினைந்து நிமிடம் நிறுத்தலாமா என்றால், பின்னால் வரும் அத்தனை லோக்கலும் வரிசையாக நின்றுவிடும். அவற்றிலும் ஒன்பது மணிக்குள் எங்கேயோ போயாக வேண்டியவர்கள் இருப்பார்கள். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"நேரத்துக்கு அனுப்பிடுங்க சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சொன்னபடியே செய்தார். நான் எட்டாம் நடைமேடைக்கு நடந்தேன்.

எங்கள் வண்டி வந்து நின்று ஜனம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பக்கம் ஏழு நாற்பது லோக்கல் கிளம்பிப் போனது. எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் என் சேலையில் குத்தியிருந்த அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்த மனசு வல்லியா ஒங்களுக்கு?" என்று கத்தினார். நான் கடைசிக்கு முந்தின பெட்டியைத் தேடிப் போனேன்.

வைரக்கண்ணு முதலில் இறங்கி மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கினார். மூன்று வாரத்தில் அந்த அம்மாள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நீங்கதானே அன்னிக்கு நோட்டு வச்சுக்கிட்டு எழுதுனது?"

"ஆமாங்க."

"இதையும் எழுதிக்குங்க."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நான் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். "அம்மா, அந்த வண்டிய நிறுத்தி வைக்கவான்னு என்கிட்டதான் கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னேன்." ஏன் என்பதையும் சொன்னேன். படிகளை, கூட்டத்தை, ஓட்டத்தை. சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்கு மாதிரி கேட்டது.

தையல்நாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வைரக்கண்ணுதான் பேசினார். "சரிங்க. வயலுக்கு வர்ற தண்ணிய ஒருத்தன் மேல மறிச்சா கீழ பத்துப் பேருக்குக் காயும். அது தெரியாமயில்ல. இப்ப என்ன செய்யிறது, அதச் சொல்லுங்க."

அந்தக் கேள்விக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். திட்டிவிட்டுப் போயிருந்தால் நான் அங்கேயே நின்றிருப்பேன்.

விதை நெல் பையிலிருந்த காகிதத்தில் ஆஸ்பத்திரி எண் இருந்தது. என் கைபேசியிலிருந்தே கூப்பிட்டேன். செவிலியர் ஒருவர் எடுத்தார். யார் பேசுகிறேன், என்ன நடந்தது என்று சொன்னேன்.

"ஒம்பதுக்கு மேல லேப் எடுக்காதும்மா," என்றார்.

"தெரியும். தப்பு எங்க பக்கம். கொஞ்சம் பாருங்க."

"பேஷண்ட் பேரு?" சொன்னேன். "ஒம்பதே காலுக்குள்ள வந்துட்டா நானே ரத்தத்தக் கையில எடுத்துக்கிட்டுப் போயி குடுக்குறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

பாலத்தை அவசரமில்லாமல் ஏறினோம். நான் பையை வாங்கிக்கொண்டேன். வழியில் இரண்டு தடவை அந்த அம்மாள் கைப்பிடியில் சாய்ந்து நின்றார். ரயில்வே பெண் காவலர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அடுத்த லோக்கலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் முன்னே ஏறி, ஓர் ஆளை எழுப்பிவிட்டு இடம் பிடித்துக் கொடுத்தார். எனக்குக் கூடப் போக ஆசை. ஆனால் அன்று முழுக்க அந்த நிலையத்தில் இருக்க வேண்டியவள் நான். கதவு வரைக்கும்தான் போக முடிந்தது.

ஒன்பது இருபத்தைந்துக்குத்தான் அவர்களால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடிந்தது. அன்று மருந்து இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்து மறுநாள் ஏற்றிக்கொண்டார்கள். அன்று மதியமே நான் கூப்பிட்டு, மருந்து இல்லாமல் போனதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வைரக்கண்ணு கோபமாகப் பேசவில்லை. "படுத்திருக்காங்க. நல்லா இருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் அலுவலகத்துக்குப் போய் எங்கள் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைக்கவில்லை. திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டையும் செய்யவில்லை.

"சரியாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றார். "சரியா செஞ்சா வலிக்காதுன்னு யாரும்மா சொன்னது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காகிதக் கட்டு ஒன்றை எடுத்து அடுக்குவது மாதிரி பாவனை செய்துகொண்டு, நான் மூக்கைத் துடைக்கிற வரைக்கும் காத்திருந்தார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "ஏழாம் நடைமேடை. எழுதுங்க. இந்தத் தடவை படி எத்தனைன்னும் எழுதுங்க."

எழுதினேன். இந்தத் தடவை கூட்டத்தில் 'சரி சார்' சொல்லவில்லை. அன்று ஒரு நிமிடத்தில் மாற்றச் சொல்லிக் கேட்டபோது மறுத்தவளே வந்து மாற்றச் சொல்கிறாளே என்று ஒருவர் சிரித்தார். முன்கூட்டியே சொல்லி மாற்றுவதும் ஓடவிட்டு மாற்றுவதும் ஒன்றில்லை என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பரவாயில்லை. நிலைய அதிகாரி என் பக்கம் பேசினார். அன்று காலை அவரும் அதே ஜன்னல் வழியாகப் பார்த்தவர்தானே.

ஒன்றாம் நடைமேடையில் பத்து நாள் பலகை வைத்தோம். காலையிலும் மாலையிலும் அறிவித்தோம். மாறுகிற நாளன்று படிக்குக் கீழே ஆட்களை நிறுத்தினோம். வேகமாக நடந்தார்கள், முணுமுணுத்தார்கள், யாரும் ஓடவில்லை. ஒரு வாரத்தில் அந்த ஜனமும் ஏழாம் நடைமேடைக்குப் பழகிவிட்டது. வருடக்கணக்கான பழக்கம் என்று நாங்கள் பயந்தது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

நான்காவது மருந்துக்கு அவர்கள் வந்த காலையில் எட்டாம் நடைமேடையில் போய் நின்றேன். அலுவல் எதுவும் இல்லை, சும்மாதான். வண்டி ஐந்து நிமிடம் தாமதம். தையல்நாயகி இறங்கினார், சுற்றும் முற்றும் பார்த்தார், எதிர்ப்பக்கம் கதவு திறந்து நின்ற லோக்கலைப் பார்த்தார். கணவர் கையை விட்டுவிட்டுத் தானே நடந்து போய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தபோது ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். முப்பத்து நாலு வருட வேலையில் எனக்குப் பல சான்றிதழ்கள் கொடுத்திருக்கிறார்கள். எந்த அலமாரியில் இருக்கின்றன என்று தெரியாது. அந்தக் கை இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது.

ஆறாவதும் முடிந்து, தை பிறந்து அறுவடை நடந்துகொண்டிருந்தபோது அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பின்னால் அறுவடை இயந்திரத்தின் சத்தம். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"தென்கரை அம்மாங்களா? தையல்நாயகி பேசுறேன். டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பாத்தாங்க. இப்போதைக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதுமாம்."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

"இருங்க, வெச்சுடாதீங்க. கேக்க வந்தது வேற. எங்க பக்கத்து ஊருல ஒரு பொண்ணு, அதுக்கும் இதே வியாதி. வர்ற திங்கக்கெழம மொத தடவையா போவுது. பயந்துபோயி கெடக்குது. நான் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன். நாலாவது பெட்டியில ஏறச் சொல்லியிருக்கேன். சரிதானே?"

"எதுல ஏறுனா என்னம்மா? எதிர்ப்பக்கம்தானே லோக்கல்."

"என்னங்க நீங்க! நாலாவதுல எறங்குனாத்தான் லோக்கல்ல பொம்பளைங்க பெட்டி நேரா நிக்கும். வேற எதுல எறங்குனாலும் பையத் தூக்கிக்கிட்டு கூட்டத்துல நடக்கணும். மூணு தடவை போயிப் பாத்துல்ல சொல்றேன். கக்கூசும் தண்ணிக் குழாயும் அங்கதான் இருக்கு. மருந்து ஏத்திக்கிட்டுத் திரும்பி வரும்போது வாந்தி வந்தா வேற எங்க போறது?"

மறுநாள் காலை புறநகர் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தேன். நாலாவது பெட்டியின் கதவுக்கு நேர் எதிரே பெண்கள் பெட்டி. அதற்குப் பத்தடி தள்ளிக் குழாய்.

மன்னார்குடி நிலையத்து அறிவிப்புப் பலகையில் அன்றே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: 'சிகிச்சைக்குச் செல்லும் பெண்கள் நான்காவது பெட்டியில் ஏறவும்.' எங்கள் பிரிவு எழுதிய அறிவிப்புகளிலேயே ஒருவரும் திருத்தம் சொல்லாத வரி அது. கீழே வழக்கம்போல் என் பதவியும் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். சொன்னவர் பெயரை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.